எங்கள் பூனையின் கால்சியமும் டாக்டர் ரஹ்மத் நிஷாவும்

கடையநல்லூரிலிருந்து தவிடு வாங்க வருகிற பால்காரர் ஒருவர்தான் செய்தியைக் கொண்டுவந்தார். புண்ணாக்கு லாரி வந்து நின்ற நேரம். இறக்குவதற்கு ஆள் குறைவு என்பதால் நானும் மூட்டைக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் தராசை ஒட்டி நின்றுகொண்டு, "அண்ணாச்சிக்கு விஷயம் தெரியுமா? நம்ம டாக்டரம்மா மௌத்தாயிட்டாங்க. காலைத் தொழுகைக்கு எந்திரிச்சவங்க நெஞ்சு அடைக்குதுன்னு உக்காந்தாங்களாம். அவ்வளவுதான்" என்றார். "எந்த டாக்டரம்மா?" என்று கேட்டேன். தெரியாமல் கேட்கவில்லை. வேறு யாராவது ஒருவர் பெயரைச் சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது. அவர் சொன்னது டாக்டர் ரஹ்மத் நிஷாவின் பெயரைத்தான்.

அவருக்கு வேண்டிய தவிட்டைப் போட்டு, மூட்டை வாயைத் தைத்துக் கொடுத்தேன். லாரிக்காரரின் சீட்டில் கையெழுத்துப் போட்டேன். பிறகுதான் வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பு வந்தது. என் மனைவி செண்பகத்திடம் இதை எப்படிச் சொல்வது?

வியாபாரிகள் சங்க மலருக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். நான் குற்றாலத்தில் சீசனுக்கு ரம்புட்டான் விற்று, அதில் பிழைத்து, தென்காசியில் மாட்டுத்தீவனக் கடை வைத்தவன். படிப்பு பத்தாவதோடு சரி. எழுத உட்கார்ந்தால் அலுப்புதான் முதலில் வருகிறது. ஆனாலும் அவரைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இதை வாசிப்பீர்கள். உங்கள் மாட்டுக்கு அவர் ஊசி போட்டிருப்பார், உங்கள் ஆட்டுக்குப் பிரசவம் பார்த்திருப்பார். எங்களுக்கு அவர் பார்த்தது ஒரு பூனையை. பூனையை மட்டும்தானா என்று கேட்டால், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது.

அவருக்கும் எனக்கும் முதல் பேச்சே சண்டை. மாட்டுக்குக் கொடுக்கும் கால்சியம் டானிக் டின்களைக் கடை வாசலில் அடுக்கி, 'டாக்டர் பரிந்துரை' என்று ஒரு அட்டை எழுதி வைத்திருந்தேன். வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம். ஒரு நாள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஒரு பெண் உள்ளே வந்தார். கறுப்பு அங்கி, தோளில் பெரிய பை, முகத்தில் தூக்கம் போதாத களைப்பு.

"அண்ணாச்சி, இதை எந்த டாக்டர் பரிந்துரைச்சாங்க?"

"அது பொதுவா எல்லா டாக்டரும் சொல்லுததுதானம்மா."

"பொதுவான டாக்டர்னு யாரும் கிடையாது. நான் ஒரு டாக்டர். நான் சொல்லலையே. பேரைப் போடுங்க, இல்லன்னா அழிங்க."

நான் 'டாக்டர்' என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டு 'பரிந்துரை' என்பதை விட்டுவைத்தேன். அடுத்த வாரம் வந்தவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க பொழைச்சுக்கிடுவீங்க" என்று சொல்லிவிட்டு ஒரு மூட்டை கோழித்தீவனத்துக்கு விலை கேட்டார். அவருடைய கிளினிக் என் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

தீவனக் கடை என்றால் எலி உண்டு, எலி இருக்கும் இடத்தில் பூனையும் வேண்டும். என் குடோனில் ஒரு வரிப்பூனை இருந்தது. மழைக்காலத்தில் சாக்குக் குவியலுக்குப் பின்னால் குட்டி போட்டது. குட்டிகள் கொழுகொழுவென்று வளர்ந்துகொண்டிருக்க, தாய் மட்டும் எலும்பாகிக்கொண்டே வந்தது. ஒரு நாள் மத்தியானம் அது கால் விறைத்து நடந்தது. முகம் துடித்தது. பிறகு தரையில் விழுந்து வெட்டி இழுக்க ஆரம்பித்தது. எங்கள் லோடுமேன் இசக்கி கத்திக்கொண்டே ஓடிவந்தான். "அண்ணாச்சி, விசத்தைத் தின்னுட்டு!" என்றான் முதலில். பிறகு வலிப்பு என்று முடிவு செய்து, குடோன் சாவிக்கொத்தை எடுத்து அதன் முன்னங்காலுக்குள் திணிக்கப் பார்த்தான். வலிப்பு வந்த மனுசன் கையில் இரும்பைக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். பூனைக்கும் அதே வைத்தியம்.

யாரோ ஓடிப்போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார்கள். வந்தவர் சாவிக்கொத்தைப் பார்த்து, "குடோனைத் திறக்கச் சொல்லுதீங்களா அதை?" என்று கேட்டுவிட்டுக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். தவிட்டுத் தூசி அங்கியெல்லாம் ஒட்டியது. குட்டிகளைப் பார்த்தார், தாயின் மடியைப் பார்த்தார்.

"கன்னு போட்ட மாடு பால் காய்ச்சல்ல விழுந்து கிடக்குமே, பாத்திருக்கீங்கல்லா? அதேதான் இது. ரத்தத்துல உள்ள கால்சியமெல்லாம் பாலாப் போயிட்டு."

முன்னங்காலில் முடியை மழித்து ஊசியை ஏற்றினார். நான் அதுவரை அவ்வளவு மெதுவாக ஒரு ஊசி போட்டுப் பார்த்ததில்லை. ஒரு கை மருந்தைத் தள்ள, ஸ்டெதஸ்கோப் பூனையின் நெஞ்சில். நடுவில் நிறுத்துவார், கேட்பார், மறுபடி ஒரு சொட்டு. இசக்கிக்குப் பொறுக்கவில்லை. "சட்டுன்னு போடுங்கம்மா, செத்துரப் போகுது." அவர் தலை நிமிராமல், "சட்டுன்னு போட்டாத்தான் சாகும். நெஞ்சு நின்னுரும்" என்றார்.

எங்கள் கண் முன்னால் துடிப்பு அடங்கியது. பூனை எழுந்து உட்கார்ந்து, ஒன்றும் நடக்காததுபோல மூஞ்சியை நக்கிக்கொண்டது. இசக்கி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டான். குட்டிகளைக் கொஞ்ச நாளைக்குப் பிரித்து வைக்கச் சொல்லி, அவற்றுக்குப் புட்டிப்பால் எப்படிக் கொடுப்பது என்று காட்டிவிட்டுப் போனார். அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் தெரு முழுக்கப் பேச்சு. செத்த பூனை கால்சியத்தில் பிழைத்துவிட்டது! செண்பகம் என்னிடம் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். நானும் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். நான் விற்கிற சரக்கு அல்லவா.

செண்பகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். அவளும் சம்மதித்துத்தான் எழுதுகிறேன். எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, நடக்கிற வயதுக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டது. அதற்குப் பிறகு தங்கவில்லை. கடையத்தில் இருக்கும் என் அக்கா அப்போதே ஒரு வார்த்தையைப் போட்டாள்: "அவ கைராசி அப்படி." செடி பட்டுப்போனாலும் அதுதான், மோர் புளித்தாலும் அதுதான். அக்கா வாய்க்கு வாய் சொல்ல, கேட்கிறவர்களும் சிரித்துக்கொண்டே சொல்ல, செண்பகமே நம்பிவிட்டாள். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறக் கூப்பிட்டால் போக மாட்டாள். பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கச் சொன்னால் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தள்ளி நிற்பாள்.

அவள் தயங்காமல் தூக்கிய ஒரே உயிர், குடோன் பூனை பிழைத்ததற்கு முன்பே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்ட இன்னொரு பூனைதான். ஐந்தருவிப் பக்கம் ஒரு காட்டேஜில் தங்கியிருந்த வெளியூர்க் குடும்பம் விட்டுவிட்டுப் போன பூனை. சாம்பல் நிறம், நீள முடி, பணக்கார முகம். இசக்கி அதைச் சாக்கில் போட்டு எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டான். சீசனுக்கு வந்தவர்கள் எல்லாம் ஊருக்குத் திரும்பிய பிறகும் அது போகவில்லை என்பதால் 'சீசன்' என்றே பெயர் விழுந்துவிட்டது. இலஞ்சியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பு. அங்கே அணில் பார்ப்பதும் செண்பகத்தின் மடியில் கிடப்பதும்தான் அதன் வேலை.

ஒரு வருடத்துக்கும் மேல் நன்றாக இருந்த சீசன் மெலிய ஆரம்பித்தது. தண்ணீர்ப் பாத்திரத்தை விட்டு நகராது. குடித்ததெல்லாம் மூத்திரமாகப் போகும். மலம் இறுகிவிட்டது. மீனை வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். அவ்வப்போது வாந்தி. நான் நடைமுறை ஆள். "வயசாயிருக்கும், வேற ஒண்ணு வாங்கிக்கிடலாம்" என்றேன். செண்பகம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கூடையைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனோம்.

ரத்தம் எடுத்தார். கால்சியம் கூடியிருக்கிறது என்று வந்தது. நான் மருந்துச் சீட்டுக்குக் கையை நீட்டினேன். அவர் எழுதவில்லை.

"இன்னொரு தடவை எடுக்கணும், அண்ணாச்சி. வெறும் வயித்துல கொண்டுவாங்க."

"எதுக்கும்மா? எந்திரம்தான் சொல்லிட்டே."

"எந்திரம் கொடுத்த ரத்தத்தைத்தான் சொல்லும். சாப்பிட்டுட்டு வந்தாலும் மாறும், குழாய்ல ரத்தம் உடைஞ்சாலும் மாறும். ஒரு தடவை வந்த எண்ணை வச்சு நான் யாரையும் பயமுறுத்த மாட்டேன்."

இரண்டாவதும் அப்படியே வந்தது. அப்புறமும் இன்னொரு சோதனை, காற்றுப் படாமல் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துத் திருநெல்வேலிக்கு அனுப்ப வேண்டுமாம். எனக்குக் கோபம் வந்தது. அதையும் மறைக்காமல் காட்டினேன். அவர் அலுத்துக்கொள்ளவில்லை. "உங்க குடோன்ல எவ்வளவு சரக்கு இருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். "அவ்வளவுமா இன்னைக்கு விக்குது? கவுண்டர்ல பிரிச்சு வச்சிருக்கதுதானே விக்குது? ரத்தத்துல உள்ள கால்சியமும் அப்படித்தான். பாதிக்கிட்ட கட்டுக்குள்ள கிடக்கும், வேலை செய்யாது. அவிழ்ந்து நடமாடுதது எவ்வளவுன்னு பாத்தாத்தான் நெசமாவே கூடியிருக்கான்னு தெரியும்." அனுப்பச் சொன்னேன்.

நடமாடுவதும் கூடித்தான் இருந்தது. சிறுநீரகமும் அடிவாங்கியிருந்தது. இனிக் காரணம் தேட வேண்டும். புற்றாக இருக்கலாம் என்று ஸ்கேன் எடுத்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார், நெஞ்சைப் படம் எடுத்தார். ஒன்றும் அகப்படவில்லை. பூனை தேய்ந்துகொண்டே வந்தது. வேறு ஒரு ஊர் டாக்டரிடம் போனில் விசாரித்தேன். ஸ்டீராய்டு போட்டால் கால்சியம் இறங்கிவிடும் என்றார். ஓடிவந்து இவரிடம் சொன்னேன்.

"இறங்கும். நான் இல்லைங்கல. புத்து இருந்தா அதையும் சேத்து மறைச்சிரும். கள்ளன் யாருன்னு தெரியுததுக்கு முன்னால வீட்ல விளக்கை அணைக்கச் சொல்லுதீங்களா?"

பிறகு செண்பகத்திடம் கேட்டார். எலிப் பாஷாணம் வீட்டில் உண்டா? அதில் ஒரு வகை வைட்டமின் டி-யில் செய்தது, கால்சியத்தை ஏற்றிவிடுமாம். இல்லை. மருந்து, மாத்திரை எதுவும் கொடுக்கிறீர்களா? இல்லை. என்ன சாப்பிடும்? சோறு, சாளை மீன், கொஞ்சம் பால். அடுத்த முறையும் அதே கேள்விகள், அதே பதில்கள். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. "நாளைக்கு இலஞ்சிப் பக்கம் ஒரு மாடு பாக்க வருதேன். உங்க வீட்ல ஒரு காப்பி கிடைக்குமா அக்கா?" என்றார்.

காலையில் வந்தார். அடுக்களை வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "நான் இருக்கேன்னு நெனைக்காதீங்க. தினமும் எப்படித் தீனி வைப்பீங்களோ அப்படி வைங்க." செண்பகம் சாளையை முள் எடுத்துச் சோற்றில் பிசைந்தாள். அலமாரியில் நல்லெண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த நீல டின்னை எடுத்தாள். மூடியில் ஊற்றிச் சோற்றின் மேல் விட்டு மறுபடி பிசைந்தாள். நான் தினமும் பார்க்கிற காட்சி. அன்றைக்கும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

"அது என்னதுக்கா?"

"இதுவா? சத்து. நம்ம கடைல உள்ளதுதான்."

"ரொம்ப நாளா கொடுக்குதீங்களா?"

"குடோன் பூனை பொழைச்சுதுல்லா, அன்னையிலேருந்து. ஒரு நாள் விடலை. வாய் வைக்காத நாள்லயும் பால்ல கலந்து ஊட்டிருவேன். இதைக் கொடுத்துமா டாக்டர் இப்படி மெலியுது?"

டாக்டரம்மா காப்பியை முழுசாகக் குடித்தார். "நல்லா இருக்கு அக்கா" என்றார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தார்.

வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில்தான் என்னிடம் சொன்னார். மாட்டு எடைக்குச் செய்த மருந்து அது, கால்சியத்தோடு வைட்டமின் டி-யும் சேர்ந்தது. பூனை உடம்பில் அந்த டி கொழுப்பில் போய்த் தங்கிவிடும். நாள் கணக்காக அல்ல, மாதக் கணக்காகச் சேர்ந்திருக்கிறது. மருந்து கொடுக்கிறீர்களா என்று கேட்டபோது செண்பகம் பொய் சொல்லவில்லை. தீவனக் கடைக்காரன் வீட்டில் அது மருந்து இல்லை. உப்பு புளி மாதிரி அதுவும் ஒரு வீட்டுச் சாமான்.

அக்கா போட்ட வார்த்தையையும் செண்பகத்தின் கதையையும் அங்கேயே நின்று சொன்னேன். "அவகிட்ட இதைச் சொல்லிராதீங்கம்மா. டின்னை நான் எடுத்துட்டுப் போயிருதேன். குடோன்ல எலி மருந்து தின்னுட்டுன்னு சொல்லிருவோம்."

"அந்த எலி மருந்தை வச்சது யாருன்னு அவங்க கேப்பாங்க. இசக்கி தலையில விழும். அவன் இல்லைன்னுவான். அப்புறம் அதுக்கு ஒரு பொய்." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: "பொய்யை வளத்தா அதுக்கும் தினம் தீனி போடணும் அண்ணாச்சி. அந்தத் தீவனம் உங்க கடைலயே கிடையாது. நாளைக்குப் பூனையைக் கொண்டுவாங்க. சொல்லுததை நான் சொல்லுதேன்."

மறுநாள் சீசனுக்கு நரம்பில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. செண்பகம் மேசையை ஒட்டி நின்று அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. அந்த டின்தான் காரணம் என்றார். எப்படி என்பதையும் நிதானமாக விளக்கினார். செண்பகம் காதிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"அப்ப என் கையாலதானா டாக்டர்?"

"ஆமா அக்கா."

எனக்கு அந்த நிமிடம் அந்த மனுசியை அடித்துவிடலாம் போல இருந்தது. செண்பகம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே, "மதினி சொல்லுதது சரிதான். என் கைராசி அப்படி" என்றாள்.

"ராசியா?" டாக்டரம்மா கைக்குட்டையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "இவ்வளவு வருசத்துல எத்தனையோ ரத்தம் பாத்துட்டேன். ராசின்னு ஒண்ணை எதுலயும் பாத்ததில்லக்கா. இந்தப் பூனைக்கு என்ன வந்துதுன்னு எனக்குத் தெரியும், எதால வந்துதுன்னும் தெரியும். உங்க கை கொடுத்துது. அந்தக் கைக்குத் தெரியலை, யாரும் சொல்லித் தரலை. தெரியாததைச் சொல்லிக்கொடுத்துரலாம். ராசியா இருந்தா நான் என்ன செய்ய முடியும்? இங்கன வாங்க."

தோள்களுக்கு நடுவில் பூனையின் தோலைக் கூடாரம் போலத் தூக்கிக் காட்டினார். வீட்டில் தினமும் தோலுக்கு அடியில் சலைன் ஏற்ற வேண்டும், அதைச் செண்பகம்தான் செய்ய வேண்டும் என்றார். நான் செய்கிறேன் என்றேன். "நீங்க அவசரக்காரர்" என்று என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். செண்பகம் குத்தினாள். ஊசி தோலின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து, சலைன் டாக்டரம்மாவின் அங்கியில் பீச்சியது. செண்பகம் பதறிப்போனாள். "எல்லாரும் முதல்ல இதைத்தான் பண்ணுவாங்க. நான் படிக்கும்போது எங்க வாத்தியார் சட்டையை நனைச்சேன். ஃபெயிலாக்கிருவார்னு நெனைச்சேன், துண்டு கேட்டார். மறுபடி குத்துங்க." இரண்டாம் முறை சரியாகப் போயிற்று.

அதன் பிறகு நடந்ததை நினைத்தாலே இப்போதும் களைப்பாக இருக்கிறது. டின்னை நிறுத்தினால் நோய் நின்றுவிடும் என்று நினைத்தேன். கால்சியம் இறங்கும், சந்தோஷப்படுவோம், அடுத்த சோதனையில் ஏறியிருக்கும். கொழுப்பில் தங்கியது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவிழும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். எங்களுக்குத்தான் காதில் ஏறவில்லை. காரணம் உறுதியான பிறகு ஸ்டீராய்டை அவரே ஆரம்பித்தார். மூத்திரத்தில் கால்சியத்தைத் தள்ளும் மாத்திரையை, உடம்பில் நீர் ஏறிய பிறகே கொடுத்தார். பாலை நிறுத்தினார். ஒரு தடவை மருந்துக் கடையில் அவர் எழுதிய சலைன் இல்லையென்று வேறு பாட்டில் கொடுத்தார்கள். எல்லாம் தண்ணீர்தானே என்று நானும் வாங்கிப் போனேன். அவர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையிலேயே கொடுத்தார். "இதுலயும் கால்சியம் இருக்கு அண்ணாச்சி. புண்ணாக்கு கேட்டா தவிடு கொடுப்பீங்களா?" மழையில் ஊரைச் சுற்றி, சரியான பாட்டிலோடு திரும்பினேன்.

ஒரு நாள் கிளினிக்குக்குப் போனபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். கண் விழித்ததும், "இந்தப் பூனையால உங்களுக்கும் அலுப்பு, எங்களுக்கும் அலுப்பு" என்றேன். "அலுப்பு இருக்கட்டும். அலுப்புலயும் அளவைப் பாத்துப் போடுதோமா, அதுதான் கேள்வி" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். வீட்டுக்காரர் சவூதியில், வயதான மாமியார் வீட்டில், பகலெல்லாம் மாட்டுத் தொழுவம். அவருக்கும் ஒரு நெஞ்சு இருக்கிறது, அதையும் யாராவது ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டிருக்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

சீசன் பிழைத்தது. முழுசாக அல்ல. "போன கிட்னி திரும்பாது. இருக்கதை வச்சு ஓட்டுவோம்" என்றார் டாக்டரம்மா. தோலுக்கு அடியில் ஏற்றும் சலைன் அதற்கு இன்றைக்கும் உண்டு. கால்சியம் அளவுக்குள் வந்து நின்ற நாளில் நான் அல்வா வாங்கிக்கொண்டு போனேன். அவர் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு என்னிடம் ஒன்று கேட்டார். டின் அடுக்கியிருக்கும் இடத்தில், 'மாட்டுக்கு மட்டும். பூனை, நாய்க்குக் கொடுக்கக் கூடாது' என்று எழுதிப் போட வேண்டும். விற்பனை கொஞ்சம் குறையும் என்றேன். குறையட்டும் என்றார். எழுதினேன். கீழே டாக்டர் பெயர் போடலாமா என்று கேட்டதற்கு, "இதுக்குப் போடுங்க" என்றார். அந்த அட்டை இன்றும் கடையில் இருக்கிறது. அவர் பெயரோடு.

செய்தி வந்த அன்று ஒரு வழியாக வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். செண்பகம் அழுதாள். புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். கடையநல்லூரில் டாக்டரம்மா வீட்டுத் தெரு முழுக்க ஆட்கள். பெண்கள் உள்ளே போனார்கள், நாங்கள் வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்த ஒருவர் எருமைக்காரர், அவருக்கு அடுத்தவர் ஆட்டுக்காரர். யாரும் யாரையும் முன்பு பார்த்ததில்லை. "உங்களுக்கு எது?" என்று எருமைக்காரர் கேட்டார். "பூனை" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அடக்கம் முடியும்வரை அவ்வளவுதான் பேச்சு.

திரும்பி வந்தபோது கடையத்திலிருந்து அக்கா வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு வேண்டியவர் ஒருவர் இறந்தது அவள் காதுக்கும் போயிருந்தது. நாங்கள் குளித்துவிட்டு வந்து உட்காரும்வரைகூட அவளால் பொறுக்க முடியவில்லை.

"நல்லா இருந்த டாக்டராம்லா தம்பி? இந்த வீட்டுக்குத்தான் போக்கும் வரத்துமா இருந்தாளாம். இவ கையால காப்பி குடிச்சவதானே? எது தங்கிருக்கு, இவ கை பட்டு?"

செண்பகம் ஈரத்தலையைத் துண்டால் முடிந்துகொண்டு அலமாரியைத் திறந்தாள். சலைன் பாட்டிலை எடுத்து வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடு ஏற்றினாள். ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாள். அக்கா அந்த ஜன்னலுக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டரம்மாவுக்கு நெஞ்சுல வந்துது மதினி. என் கைக்கும் அதுக்கும் ஒண்ணும் கிடையாது." குரல் உயரவில்லை. சீசனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள். "கொஞ்சம் நகருங்க. பூனைக்குத் தண்ணி ஏத்தணும்."

அக்கா நகர்ந்தாள். செண்பகம் தோலைத் தூக்கி ஊசியை ஏற்றினாள். சொட்டு இறங்க ஆரம்பித்தது. கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது, கை அசையவில்லை.

டாக்டர் ரஹ்மத் நிஷா எங்களுக்கு என்ன வைத்துவிட்டுப் போனார் என்று கேட்டால், என் மனைவி சொன்ன அந்த 'நகருங்க' என்ற ஒரு சொல்லைத்தான் சொல்வேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் வீட்டில் அதுவரை நான் அதைக் கேட்டதில்லை.